முந்தியதும் பிந்தியதும்: ஹைபிரிட் கார்களின் வயதுக் கணக்கு

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வார்கள். கைமாறிய கார் விற்குமிடத்தில் பதிவுப் பத்திரத்தைப் பார்த்துச் சொல்வார்கள். எந்த ஆண்டில் செய்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால் விலை பேசத் தொடங்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். பெட்ரோல் இயந்திரம் ஒன்றை மட்டுமே நம்பி ஓடிய கார்களுக்கு அவ்வழக்கு ஏறக்குறையப் பொருந்திற்று. பெட்ரோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் ஒருங்கே அமைந்த ஹைபிரிட் கார் சந்தைக்கு வந்த பின்னர், அவ்விரண்டு வினாக்களும் போதாதவை ஆயின.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். விற்பனைக் கூடத்தில் இரண்டு டொயோட்டா பிரியஸ் கார்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்டது. இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. மற்றொன்று 2010-இல் செய்யப்பட்டது. மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தது. மூத்ததன் விலை குறைவு. இளையதற்குச் சில ஆயிரம் வெள்ளி கூடுதல். "ஓராண்டு இளையது, உருவமும் புதிது, அதையே வாங்கிவிடுவோம்" என்றுதான் எந்தக் குடும்பத்திலும் முதலில் பேச்சு எழும். அம்முடிவு பிழையாக முடியக்கூடும். ஏன் என்பதை அறிய, இவ்வண்டியின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

பிரியஸ் என்பது லத்தீன் மொழிச் சொல். 'முந்தியது' என்பது அதன் பொருள். பெயர் வைத்தவர்கள் காலத்தை முந்திச் செல்லும் வண்டி என்ற கருத்தில் வைத்தார்கள். அப்பெயருடைய வண்டிகளுள்ளேயே முந்தியது நல்லதா, பிந்தியது நல்லதா என்று மக்கள் ஆராயும் நாள் வரும் என அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

நூறாண்டு பழைய எண்ணம்

ஹைபிரிட் கார் புத்தம் புதிய கண்டுபிடிப்பு என்று கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில், வியன்னாவைச் சேர்ந்த லோனர் வண்டித் தொழிலகம் ஒரு மின்சார வண்டியைக் காட்சிக்கு வைத்தது. அதனை அமைத்தவர் பெர்டினாண்ட் போர்ஷே என்னும் இளைஞர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் அவரே. முன்சக்கரங்களின் குடத்திலேயே மின்மோட்டாரைப் பொருத்தியிருந்தது அவ்வண்டியின் சிறப்பு. ஆனால், அதனை இயக்கிய ஈயப் பாட்டரி பெரும் சுமையாக இருந்தது. சிறிது தொலைவு ஓடியதுமே ஓய்ந்தும் போயிற்று. ஆகவே போர்ஷே, பெட்ரோல் இயந்திரத்தால் மின்சாரம் உண்டாக்கி, அம்மின்சாரத்தால் சக்கரத்தைச் சுழற்றும் மற்றொரு வண்டியை அமைத்தார். அதற்கு 'செம்பர் விவஸ்', அதாவது எந்நாளும் உயிருள்ளது, என்று பெயரிட்டார்.

பெல்ஜிய நாட்டவரான ஹென்றி பைப்பர், இயந்திரமும் மோட்டாரும் ஒன்றுக்கொன்று துணை செய்யும் முறைக்கு அமெரிக்காவில் 1905-இல் காப்புரிமை கோரி 1909-இல் பெற்றார். எண்ணம் நல்லதாயினும் காலம் ஒத்துழைக்கவில்லை. 1908-இல் போர்டு நிறுவனத்தின் மலிவான 'மாடல் டி' வந்தது. 1912-இல் காடிலாக் கார்களில் மின்சாரத்தால் இயந்திரத்தைத் தொடக்கும் கருவி வந்தது; கைப்பிடியைச் சுழற்றிக் கையை உடைத்துக்கொள்ளும் தொல்லை தீர்ந்தது. பெட்ரோலோ மலிவு. கலப்பு வண்டிகள் சந்தையிலிருந்து மறைந்தன.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. போர்ஷே காலத்தில் அவ்வண்டியைத் தோற்கடித்தது இயந்திரமன்று, பாட்டரியே. நூறாண்டு கழிந்த பின்னும் பழைய ஹைபிரிட் காரை வாங்க வருபவர் அஞ்சுவது அதே பாட்டரியைக் கண்டுதான்.

1997-ஆம் ஆண்டு

1993-இல் டொயோட்டா நிறுவனத்தார் அடுத்த நூற்றாண்டுக்கான காரை ஆராயத் தொடங்கினர். ஆய்வுக் குழுவின் தலைமைப் பொறுப்பு தக்கேஷி உச்சியமாடா என்னும் பொறியாளரிடம் வந்தது. எரிபொருள் சிக்கனத்தை இருமடங்காக்க வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. பெட்ரோல் இயந்திரத்தை மட்டும் செம்மைப்படுத்தி அந்த இலக்கை எட்ட முடியாது என்று கண்டபோதுதான் கலப்பு முறை மீண்டும் உயிர்பெற்றது. 1995-இன் இறுதியில் முதல் சோதனை வண்டியைக் கட்டி முடித்தார்கள். அது 49 நாள்கள் அசையவே இல்லை. பிறகு நகர்ந்தது, சில நூறு மீட்டர் சென்றது, நின்றது. அத்தகைய வண்டிதான் இரண்டே ஆண்டுகளில், 1997 டிசம்பர் 10-ஆம் நாள், ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மறுநாள் கியோட்டோ மாநாட்டில் புவி வெப்பமாதலைத் தடுக்கும் உடன்படிக்கை நிறைவேறிற்று. இரண்டும் ஒரே வாரத்தில் நேர்ந்தது அவ்வண்டிக்கு நல்ல விளம்பரமாயிற்று.

அதன் உள்ளமைப்பைச் சுருக்கமாகவேனும் அறிந்தாலன்றி வயதுக் கணக்கு விளங்காது. நடுவில் ஒரு பல்சக்கரம். அதனைச் சுற்றிச் சில சிறு பல்சக்கரங்கள். அவற்றையெல்லாம் சூழ்ந்து உட்புறம் பற்களுடைய ஒரு வளையம். சூரியனையும் கோள்களையும் போன்ற இவ்வமைப்பில், நடுச்சக்கரத்தோடு ஒரு மின்னாக்கியும், சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு பெட்ரோல் இயந்திரமும், வெளி வளையத்தோடு பெரிய மின்மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும் இணைந்துள்ளன. வேகம் மாற்றும்போது பிடித்து விடும் 'கிளட்ச்' இல்லை. படிப்படியான கியர்களும் இல்லை. தேயக்கூடிய உறுப்புகள் பல ஒழிந்தன. வண்டி வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வீணாகும் ஆற்றலைப் பாட்டரிக்கு அனுப்புகிறது. ஆதலால் பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கின்றன. சாதாரணக் காரில் முதலில் கிழடாகும் உறுப்புகள் இங்கே இளமையோடு இருப்பது இதனால்தான்.

பாட்டரியோ நிக்கல் உலோக ஹைட்ரைடு வகையைச் சேர்ந்தது. இவ்வகையை மோட்டார் வண்டிகளுக்கு ஏற்றதாக வளர்த்தவர்களுள் தலையாயவர் ஸ்டான்போர்டு ஓவ்ஷின்ஸ்கி என்னும் அமெரிக்கர். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாமல் தாமே கற்றுத் தேர்ந்தவர் அவர் என்பது ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி. பிரியஸ் பொறியாளர்கள் அப்பாட்டரியை முழுவதும் நிரப்புவதுமில்லை, முழுவதும் வற்றவிடுவதுமில்லை. கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையிலேயே வைத்து ஆள்கிறார்கள். பட்டினியும் போடாமல், வயிறு முட்டவும் ஊட்டாமல் வளர்ப்பது போன்றது இது. பாட்டரியின் நீண்ட ஆயுளுக்கு இதுவே முதற்காரணம்.

தலைமுறைகள்

முதல் வண்டியில் 240 சிறு மின்கலங்கள், 288 வோல்ட். 2000-ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு அனுப்பிய திருத்திய வண்டியில் 228 மின்கலங்கள். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அவை 168 ஆகக் குறைந்தன, வோல்ட் 201.6 ஆயிற்று. மின்கலம் குறைந்தும் ஆற்றல் குறையவில்லை. குறைந்த வோல்ட்டை 500 வரை உயர்த்தித் தரும் மின்னணுக் கருவி ஒன்றை இடையில் சேர்த்ததே அதற்குக் காரணம். முதல் தலைமுறையில் கண்ட குறைகள் பல இரண்டாம் தலைமுறையில் நீங்கின. 2003 முதல் 2009 வரை ஆறாண்டு அந்த அமைப்பையே செய்து செய்து, தொழிலாளர்க்கும் கை பழகிற்று. எந்தக் கைத்தொழிலுக்கும் இது பொது.

2009-இல் மூன்றாம் தலைமுறை வந்தபோது மீண்டும் பல புதுமைகள் புகுந்தன. இயந்திரம் 1.5 லிட்டரிலிருந்து 1.8 லிட்டராயிற்று. வோல்ட் 650 வரை உயர்ந்தது. குளிர்நீரைச் செலுத்தும் பம்ப் மின்சாரத்தால் ஓடிற்று; இயந்திரத்தில் பெல்ட் என்பதே இல்லாமல் போயிற்று. புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இயந்திரத்துக்குள் செலுத்தும் முறையும் வந்தது. நெடுஞ்சாலையில் எரிபொருள் மேலும் மிச்சப்பட்டது.

புதுமைக்கு உரிய விலையும் சேர்ந்தே வந்தது. 2010 பிப்ரவரியில், பிரேக்கை ஆளும் மென்பொருளைத் திருத்துவதற்காக உலகெங்கும் ஏறத்தாழ 4,37,000 ஹைபிரிட் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்தது. அவற்றுள் பெரும்பகுதி புதிய பிரியஸ். 2014 பிப்ரவரியில், மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டர் சூடேறிப் பழுதாகக்கூடும் என்பதற்காக ஏறத்தாழ 19 லட்சம் மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்கள் அழைக்கப்பட்டன. 2018-இல் மற்றொரு மென்பொருள் திருத்தத்துக்காக 24 லட்சம் ஹைபிரிட் வண்டிகள் அழைக்கப்பட்டன. அழைத்துத் திருத்தியது நிறுவனத்தின் பொறுப்புணர்ச்சியைக் காட்டுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வாங்குபவர் கேட்கவேண்டியது வேறொன்று. இந்தக் குறிப்பிட்ட வண்டி அத்திருத்தங்களைப் பெற்றதா? முகவரிடம் வண்டியின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தால் விடை கிடைக்கும்.

அழைப்புக்கு உட்படாத நோயும் ஒன்று உண்டு. குளிர்வித்த புகை செல்லும் குழாய்களிலும் அதன் நுண்வழிகளிலும் நாளடைவில் கரி படிந்து அடைபடுகிறது. சிலிண்டர்களுக்குப் புகை சமமாகப் பங்கிடப்படாமையால் சூடு ஏறுகிறது. ஈற்றில் இயந்திரத்தின் 'ஹெட் கேஸ்கெட்' தளர்ந்து, குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் முடுக்கும்போது இயந்திரம் சில நொடிகள் கடகடவென்று குலுங்கினால் அதுவே முதல் அறிகுறி. பழுது முற்றினால் செலவு பாட்டரி மாற்றும் செலவையும் மிஞ்சலாம். இரண்டாம் தலைமுறை வண்டியில் இந்தப் புகைக் குழாய் அமைப்பே இல்லை. ஆகவே இந்நோயும் இல்லை. ஓராண்டு இளைய வண்டிக்கு, மூத்ததற்கு இல்லாத நோய்! பாட்டரிக்கு அஞ்சி இளையதை வாங்கியவர் பலர், பழுதானது பெட்ரோல் இயந்திரம் என்று கண்டு திகைத்ததும் உண்டு.

ஓட்டமும் ஓய்வும்

அப்படியானால் ஓடிய தொலைவு எதைக் காட்டுகிறது? இதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. கனடாவின் வான்கூவர் நகரில் ஒரு முதல் தலைமுறை பிரியஸ் 2000-ஆம் ஆண்டு முதல் டாக்சியாக ஓடிற்று. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் 3 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய அவ்வண்டியை டொயோட்டா நிறுவனமே வாங்கிச் சென்று பிரித்து ஆராய்ந்தது. மற்றொரு சான்று 2011-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்னும் நுகர்வோர் இதழார், 2 லட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002-ஆம் ஆண்டு பிரியஸ் ஒன்றைச் சோதித்தார்கள். பத்தாண்டுக்கு முன், ஏறத்தாழ 2,000 மைல் மட்டுமே ஓடியிருந்த புதிய பிரியஸைச் சோதித்தபோது காலனுக்கு 40.6 மைல் கிடைத்திருந்தது. பழைய வண்டியில் கிடைத்தது 40.4. பாட்டரி முதலில் பொருத்தியதே. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம்.

தொலைவைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால், அந்த வண்டிகள் நாள்தோறும் ஓடியவை. குளிர்ந்த அல்லது மிதமான நாடுகளில் ஓடியவை. பாட்டரிக்கு மெய்யான பகைவர் வேறு இருவர். ஒருவர் வெப்பம், மற்றவர் ஓய்வு. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் மின்கலங்கள் தாமாகவே மின்சாரத்தை இழக்கின்றன. எல்லாம் ஒரே அளவில் இழப்பதில்லை. அவை வரிசையாகக் கோத்த சங்கிலி போன்றவை. ஒன்று தளர்ந்தால் முழு வரிசையும் நலிகிறது. ஆகவே, "வயதானவர் வைத்திருந்த வண்டி, கோயிலுக்கும் கடைக்கும் மட்டுமே போனது" என்று விற்பனையாளர் புகழ்ந்து சொல்லும்போது, சாதாரணக் காராயின் மகிழலாம். ஹைபிரிட் காராயின் சற்று நின்று யோசிக்கவேண்டும்.

மலேசியாவும் சிங்கப்பூரும் ஆண்டு முழுதும் வெயிலில் காயும் நாடுகள். பிரியஸின் பாட்டரி பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ளது. காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து அதனைக் குளிர்விக்கும் ஒரு சிறு விசிறி உண்டு. அக்காற்று நுழையும் வழி பின்னிருக்கையின் பக்கத்தில் இருக்கிறது. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பையையும் துணியையும் அதன்மேல் சாய்த்து வைப்பார்கள். தூசியும் நூலும் பூனை மயிரும் உள்ளே புகுந்து விசிறியை அடைக்கும். பாட்டரி வெந்துபோகும். ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு வண்டிகளுள் ஒன்று 8 ஆண்டில் தளர, மற்றொன்று 15 ஆண்டு உழைப்பதற்கு இத்தகைய சிறு காரணங்களே போதும்.

சட்டம் விதித்த வயது

வண்டிக்கு இயந்திர வயதும் பாட்டரி வயதும் இருப்பது போலச் சட்டம் விதித்த வயதும் ஒன்றுண்டு. சிங்கப்பூரில் 1990 முதல் கார் வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் காலம் 10 ஆண்டு. பிறகு அன்றைய விலையைச் செலுத்தி 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மீண்டும் புதுப்பிக்க இயலாது. 10 ஆண்டைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் கூடுதல். ஆகவே அங்கே, எஞ்சியிருக்கும் சான்றிதழ்க் காலத்தைத்தான் வாங்குபவர் முதன்மையாக விலைக்கு வாங்குகிறார். காரும் அதனோடு வருகிறது என்று வேடிக்கையாகச் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. மூன்றாண்டுச் சான்றிதழ் மட்டுமே எஞ்சிய வண்டிக்குப் புதிய பாட்டரி போடுவது பொருத்தமா என்பதைக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

மலேசியாவின் கதை வேறு. 2009 தொடங்கி ஹைபிரிட் கார்களுக்கு வரிச்சலுகை அளிக்கப்பட்டது. 2011 முதல் 2013 வரை, வெளிநாட்டிலிருந்து முழுமையாகக் கொண்டுவரப்பட்ட 2,000 சி.சி.க்கு உட்பட்ட ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுதும் விலக்கப்பட்டன. ஹோண்டா இன்சைட் 1 லட்சம் வெள்ளிக்கும் குறைந்த விலையில் வந்தது அப்போதுதான். நடுத்தரக் குடும்பங்கள் பல அவ்வாண்டுகளில் ஹைபிரிட் கார் வாங்கின. இன்று கைமாறும் பழைய ஹைபிரிட் கார்களுள் பல அந்தச் சலுகைக் காலத்தின் பிள்ளைகள். அவற்றுள் எதுவும் பத்தாண்டுக்குக் குறைந்ததன்று. எனவே 2011-ஐச் சேர்ந்ததா, 2013-ஐச் சேர்ந்ததா என்பதைவிட, பாட்டரி இதுவரை மாற்றப்பட்டதா என்ற வினாவே அங்கு எடை மிகுந்தது.

மாற்றப்பட்டது என்ற விடையும் போதாது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸ்களில் பாட்டரி 28 பெட்டிகளால் ஆனது. பழுதான ஒன்றிரண்டு பெட்டிகளை மட்டும் எடுத்துவிட்டு, வேறு பழைய வண்டியிலிருந்து கழற்றியதைப் பொருத்தி "பாட்டரி புதிது" என்று விற்போர் உண்டு. பழையதும் நடுத்தரமும் கலந்த அவ்வரிசையில் மற்றொரு பெட்டி சில மாதங்களில் வீழ்ந்துவிடும். முழு வரிசையும் புதிதாகப் போட்டதற்கான ரசீதைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை. அதற்கு மறுதலையாக, எச்சரிக்கை விளக்குகள் பல ஒன்றாக எரிவதைக் கண்டு பெரிய பாட்டரி போய்விட்டது என்று அஞ்சி, நல்ல வண்டியைக் கைவிடுவோரும் உண்டு. பல வேளைகளில் தளர்ந்திருப்பது 12 வோல்ட் சிறு பாட்டரியாகவே இருக்கும்; அதன் விலை மிகக் குறைவு.

மீண்டும் அந்த இரண்டு வண்டிகளிடம் வரலாம். 2009 வண்டிக்கு முழுப் புதுப் பாட்டரி போட்ட ரசீது இருந்து, 2010 வண்டிக்குப் புகைக் குழாய் சுத்தம் செய்த குறிப்பே இல்லையாயின், மூத்ததை வாங்குவதே அறிவுடைமை. மூன்றாம் தலைமுறைதான் வேண்டுமென்றால் அதன் முதலாண்டு வண்டியைவிட, அவ்வமைப்பு பல திருத்தங்கள் பெற்ற 2014, 2015 ஆண்டுகளின் வண்டியைத் தேடுவது நன்று. இரண்டிலும் பாட்டரி முதலில் பொருத்தியதேயாயின், புதுப் பாட்டரியின் விலையைக் கழித்துவிட்டுத்தான் விலை பேசவேண்டும்.

வண்டியைப் பார்க்கச் செல்லும் நேரமும் முக்கியம். முடுக்காமல் இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் பார்க்கவேண்டும். முன்னரே சூடேற்றி வைத்திருந்தால் மற்றொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஓட்டிப் பார்க்கும்போது, திரையில் காணும் பாட்டரி அளவு மேட்டில் ஏறுகையில் விரைந்து வற்றி, இறக்கத்தில் உடனே நிரம்பினால் மின்கலங்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். பட்டறையில் கருவியைப் பொருத்தி, 14 பகுதிகளின் வோல்ட் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லலாம். அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே. இவற்றுக்கெல்லாம் முன்பாக, விற்பனையாளர் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்கதவைத் திறந்து இருக்கையின் பக்கத்திலுள்ள அந்தக் காற்றுவழியில் ஒரு விரலை வைத்து எடுத்து, தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.